சொன்னால் அவன் மானம், சொல்லாவிட்டால் என் மானம்

கேள்வி:

வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியை. வயது 28, இன்னும் திருமணம் ஆகவில்லை. பதினோராம் வகுப்பில் ஒரு பையன், வயது 16. வந்த புதிதில் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருப்பான். ஒருநாள் அவன் போட்ட கணக்கை எல்லோர் முன்னாலும் பாராட்டினேன். அதற்கப்புறம் ஆளே மாறிவிட்டான். முன் பெஞ்சுக்கு வந்தான், மதிப்பெண் ஏறியது. எனக்கும் பெருமையாக இருந்தது.

டவுட் கேட்க என்று என் நம்பரை வாங்கினான். முதலில் பாடம்தான் கேட்டான். பிறகு 'சாப்பிட்டீங்களா மிஸ்', 'இன்னைக்கு ஏன் டல்லா இருந்தீங்க' என்று வர ஆரம்பித்தது. எப்போதாவது பதில் போடுவேன். போன மாதம் ஒரு கடிதம் கொடுத்தான். பயந்துபோய்க் கிழித்துப் போட்டுவிட்டேன். ஸ்டாஃப் ரூமில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லியும் தொலைத்தேன். இப்போது அவன் வாசலில் வந்து நின்றாலே 'டீச்சர், உங்க ரசிகர் வந்துட்டார்' என்று கேலி. அது அவன் காதிலும் விழுந்திருக்கிறது. இந்த வாரம் ரெக்கார்டு நோட்டுக்குள் இரண்டாவது கடிதம் வைத்திருக்கிறான். 'நீங்க பேசலைன்னா நான் இருந்தே பிரயோஜனம் இல்ல' என்று எழுதியிருக்கிறான்.

அவன் அப்பா கைநீட்டுகிறவர் என்று கேள்வி. தலைமை ஆசிரியையிடம் சொன்னால் அவன் மானம் போகும், சொல்லாவிட்டால் என் மானம் போகும். 'நிச்சயம் ஆகிவிட்டது என்று ஒரு பொய் சொல்லு, அடங்கிவிடுவான்' என்கிறாள் தோழி. இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவன் வராத நாளில் என் கண் அந்த பெஞ்சைத் தேடுகிறது. நான் பாராட்டியதுதான் தப்பா? பேசாமல் வேறு பள்ளிக்குப் போய்விடலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தில் இருந்த ஒரு வரிக்கு மட்டும் அன்றைக்கே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்ற ஆசிரியர்களும் படிப்பார்கள் என்பதால் அதையே இங்கும் முதலில் வைக்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை உங்கள் சம்மதத்தோடு மாற்றியிருக்கிறேன்.

'இருந்தே பிரயோஜனம் இல்ல' என்பதுதான் அந்த வரி. பதினாறு வயதில் இதை வேகத்தில் எழுதிவிட்டு மறுநாள் மறந்துபோகிறவர்கள் உண்டு. உள்ளுக்குள் நிஜமாகவே அப்படி நினைத்து எழுதுகிறவர்களும் உண்டு. ஒரு தாளை வைத்துக்கொண்டு இது எந்த ரகம் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. உலகெங்கும் 15 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் மரணத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று தற்கொலை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் இந்த மாதிரி வரி கண்ணில் பட்டால் 'சும்மா மிரட்டுகிறானா' என்ற ஆராய்ச்சிக்கே போகக் கூடாது. அன்றைக்கே பொறுப்பான இன்னொரு பெரியவரின் கைக்கு அது போய்ச் சேர வேண்டும். தலைமை ஆசிரியை, பள்ளி ஆலோசகர் இருந்தால் அவர், பிறகு பெற்றோர். பள்ளியில் ஆலோசகர் இல்லையென்றால் மனநல மருத்துவர் ஒருவரிடம் அவனை அழைத்துப்போவது பெற்றோரின் வேலை. அந்த ஏற்பாடு நடக்கிறதா என்று பின்தொடர்வது பள்ளியின் வேலை.

அவனிடம் 'சாகணும்னு தோணுதா?' என்று யாராவது நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்ற பயம் ஆசிரியர்களிடம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடுவதில்லை. பெரும்பாலும் சுமை கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கிற ஆள் நீங்களாக இருக்க வேண்டாம். நீங்கள் கேட்டால், 'மிஸ்ஸுக்கு என்மேல் இவ்வளவு அக்கறையா' என்றுதான் அவன் மனம் கணக்குப் போடும். இதற்கு ஒரே ஒரு விலக்கு. உங்கள் முகத்துக்கு நேராகவே அவன் அப்படிச் சொன்னால், அவனைத் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். இன்னொரு பெரியவர் வரும்வரை கூடவே இருங்கள். போனில் எழுதினால், 'அப்படியெல்லாம் பேசாதே, நான் இருக்கேன்ல' என்று மட்டும் பதில் போட்டுவிடாதீர்கள். ஆறுதல் சொல்லும் நல்ல எண்ணத்தில்தான் விரல் அதை டைப் செய்யும். ஆனால் அந்த ஒரு வரியில் அவன் உயிருக்கு நீங்கள் பொறுப்பேற்றுக்கொண்டதாக ஆகிவிடும். பிறகு ஒவ்வொரு இரவும் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். 'நீ எழுதியதைத் தலைமை ஆசிரியையிடமும் உன் வீட்டிலும் சொல்கிறேன், உடனே உன்னிடம் பேசுவார்கள்' என்று எழுதுங்கள், அப்படியே செய்யுங்கள்.

இனி மானம் விஷயத்துக்கு வருகிறேன். சொன்னால் அவன் மானம், சொல்லாவிட்டால் உங்கள் மானம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள். சொல்லக் கூடாத இடத்தில் சொல்லிவிட்டீர்கள், அவ்வளவுதான். ஸ்டாஃப் ரூமில் சிரித்துக்கொண்டு சொன்னது ஒரு கதையாகிவிட்டது. கதையைக் கேட்டவர்கள் சிரிப்பார்கள், அவர்கள் பங்குக்கு வாலையும் சேர்ப்பார்கள். அவனை அவமானப்படுத்தியது அதுதான். தலைமை ஆசிரியையின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, இன்ன தேதியில் இன்னது நடந்தது என்று சொல்வது முறையீடு. முறையீட்டைக் கேட்டவருக்குக் கடமை வந்துவிடுகிறது. சிரிக்க முடியாது. அவன் மானத்தைக் காப்பதும் இப்படிச் சொல்வதுதான், உங்கள் மானத்தைக் காப்பதும் இதுதான்.

அந்த 'ரசிகர்' கேலியைப் பற்றி எனக்குக் கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஆண் ஆசிரியருக்கு ஒரு மாணவி இப்படிக் கடிதம் கொடுத்திருந்தால் அதே ஸ்டாஃப் ரூம் சிரித்திருக்குமா? கூட்டம் போட்டிருப்பார்கள். பையன் என்பதால் வேடிக்கை, வயசுக் கோளாறு, பிறகு பெரியவனானால் சொல்லிச் சிரிக்க ஒரு கதை. பையனுக்கும் அதே அளவு வலிக்கும். கூடவே, அழவும் கூடாது, யாரிடமும் சொல்லவும் கூடாது என்ற கட்டாயம் வேறு. அவன் காதில் அந்தக் கேலி விழுந்த சில நாட்களிலேயே 'இருந்தே பிரயோஜனம் இல்ல' என்ற வரி வந்திருப்பதைக் கவனியுங்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் சம்பந்தம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நடப்பதுதான் புத்திசாலித்தனம். நாளைக்கு யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், 'அது விளையாட்டு இல்லைங்க, நான் சிரிச்சுக்கிட்டே சொன்னது தப்பு, இனி அந்தப் பேச்சு வேண்டாம்' என்று ஒருமுறை முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். அப்புறமும் தொடர்ந்தால் அதையும் தலைமை ஆசிரியையிடம் சொல்ல வேண்டும்.

பாராட்டியதுதான் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கடைசி பெஞ்சில் கிடந்த ஒருவனை ஒரு பெரியவர் முதன்முதலாகக் கவனித்திருக்கிறார். அந்த வெளிச்சத்தில் தன்னையே அவன் வேறொருவனாகப் பார்க்கிறான். வளரிளம் பருவத்துக் காதல் என்பது பெருமளவுக்கு, தான் யார் என்று கண்டுபிடிக்க எடுக்கும் முயற்சிதான் என்று உளவியலாளர் எரிக் எரிக்ஸன் 1950 வாக்கிலேயே எழுதினார். இன்னொருவர் மேல் தன் உருவத்தைப் போட்டுப் பார்த்து, அது திரும்பி வரும்போது தெளிவு பெறுவது. அந்த வயதில் ஆசிரியர் மேல் மையல் வராத வகுப்பே உலகில் இருக்காது. பெரும்பாலானவை யாருக்கும் தெரியாமல் வந்து, ஒரு நீண்ட விடுமுறையில் யாருக்கும் தெரியாமலே போய்விடும். அது நோயும் அல்ல, ஒழுக்கக்கேடும் அல்ல.

இதே விஷயத்தை மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே வைத்து, உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய ஃபிராய்ட் 1915இல் எழுதியது நமக்கும் பொருந்தும். சிகிச்சைக்கு வருகிறவருக்கு மருத்துவர் மேல் வரும் காதலை, மருத்துவர் தன் சொந்த அழகுக்கும் குணத்துக்கும் கிடைத்த பரிசாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அந்தச் சூழ்நிலை உண்டாக்கியது அது என்றார். அதை ஏற்று நடக்கவும் கூடாது, அதட்டி அடக்கவும் கூடாது என்றார். உங்கள் இடத்தில் வேறொருவர் அந்தக் கணக்கைப் பாராட்டியிருந்தால் கடிதம் அவருக்குப் போயிருக்கும். இது கேட்க அவ்வளவு இனிமையாக இருக்காது. ஆனால் ஒரு பாரத்தை இறக்கிவைக்கும்.

அவனிடம் என்ன சொல்வது? ஒரே ஒரு முறை, தெளிவாக, பள்ளி நேரத்தில், கதவு திறந்திருக்கும் அறையில், பார்வைக்கு எட்டும் தூரத்தில் இன்னொரு ஆசிரியர் இருக்கும்போது பேசுங்கள். தலைமை ஆசிரியையும் கூட இருந்தால் இன்னும் நல்லது. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கிட்டத்தட்ட இப்படி:

'நீ எழுதினதைப் படிச்சேன். உனக்கு அப்படித் தோணுறதுல கேவலம் ஒண்ணுமில்ல. ஆனா நான் உன் டீச்சர். அதைத் தவிர வேற எதுவாவும் இருக்க மாட்டேன், இப்பவும் சரி, பின்னாடியும் சரி. இனிமே போன்ல பேச மாட்டேன், கடிதம் வாங்க மாட்டேன். கிளாஸ்ல நீ எப்பவும் போலக் கேள்வி கேக்கலாம், நானும் எப்பவும் போலச் சொல்லித் தருவேன். நீ எழுதின அந்த ஒரு வரி எனக்குக் கவலையா இருக்கு, அதனால அதை மேடம்கிட்ட சொல்லிட்டேன்.'

அவ்வளவுதான். அவன் தலையைக் குனிந்துகொண்டு 'சரி மிஸ்' என்பான், அல்லது ஒன்றுமே சொல்லாமல் போவான். பின்னாலேயே போய்ச் சமாதானம் சொல்லாதீர்கள். அதற்கு வேறொருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவையுங்கள். அவன் மதிக்கும் ஒரு விளையாட்டு ஆசிரியரோ, தமிழ் ஆசிரியரோ இருந்தால் பொருத்தமாக இருக்கும். அன்று மாலை அவன் தனியாக இருக்கக் கூடாது என்பதையும் அந்தத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வார இறுதிக்கு முந்தின நாளில் இந்தப் பேச்சை வைக்க வேண்டாம்.

சொல்லக் கூடாதவை சில இருக்கின்றன. நல்ல மனதோடு சொல்லப்படுபவை என்பதால்தான் அவை ஆபத்து.

தோழி சொன்ன நிச்சயதார்த்தப் பொய்யை விட்டுவிடுங்கள். 'எனக்கு நிச்சயம் ஆகிவிட்டது' என்றால், ஆகாமல் இருந்திருந்தால் வாய்ப்பு இருந்தது என்றுதான் அவனுக்குக் கேட்கும். மாப்பிள்ளை யார் என்று தேடுவான். பொய் என்று தெரிந்த நாளில், 'எனக்காகத்தான் இன்னும் கல்யாணம் பண்ணிக்கல' என்ற முடிவுக்குக்கூட வருவான். 'நீ சின்னப் பையன்' என்றாலும் அதே கதைதான். வயதுதான் தடை என்றால் வயது ஏறும், காத்திருக்கலாம். 'முதல்ல நல்லாப் படி, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்' என்பது எல்லாவற்றிலும் மோசம். ஆசிரியர் வாயில் பழக்க தோஷத்தில் வந்துவிடும் வாக்கியம் அது. நீங்கள் படிப்பைச் சொல்கிறீர்கள், அவன் 'அப்புறம்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போவான்.

இன்னொன்று 'நான் உனக்கு அக்கா மாதிரி' என்பது. ஏறக்குறைய எல்லோரும் கையில் எடுக்கும் ஆயுதம் இது. உறவு சொல்லிவிட்டால் ஆசை அடங்கிவிடும் என்று நம்புகிறோம். நடைமுறையில் என்ன ஆகிறது? வகுப்பில் மற்ற நாற்பது பேருக்கு நீங்கள் டீச்சர், அவன் ஒருவனுக்கு மட்டும் அக்கா. அவனுக்கென்று ஒரு தனி இடத்தை நீங்களே ஒதுக்கிக் கொடுத்துவிட்டீர்கள். அக்காவுக்கு இரவு பத்து மணிக்கு மெசேஜ் போடலாம், அக்காவிடம் கோபித்துக்கொள்ளலாம், அக்கா ஏன் பேசவில்லை என்று கேட்கலாம். ஆசிரியை என்ற உறவே போதுமானது, அதற்குள் வேலியும் இருக்கிறது.

போன் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். உண்மையில் சிக்கல் வளர்ந்த இடம் அதுதான். 'எப்போதாவது பதில் போடுவேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். தொல்லை கொடுக்காமலும், மனம் நோகடிக்காமலும் இருக்க நடுவழி என்று அதை நினைத்திருப்பீர்கள். டாரதி டெனோவ் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த மாதிரி ஆட்டிப்படைக்கும் மையலுக்கு 1979இல் 'லிமரன்ஸ்' என்று பெயர் வைத்து விரிவாக எழுதினார். அது எதைத் தின்று வளர்கிறது என்று அவர் கண்டது முக்கியமானது: நம்பிக்கையும் நிச்சயமின்மையும் சேர்ந்த கலவை. முழு ஏற்பு கிடைத்தால் ஒரு கட்டத்தில் தணியும், முழு மறுப்பு கிடைத்தாலும் தணியும். வருமா வராதா என்று தெரியாதபோதுதான் தீவிரமாகும். பத்து மெசேஜுக்கு ஒரு 'ம்' போட்டால், அந்த ஒரு 'ம்'முக்காக அவன் இன்னும் இருபது அனுப்புவான். நீல டிக் வந்ததா, ஆன்லைனில் இருந்தீர்களா, ஸ்டேட்டஸில் வைத்த பாட்டு யாருக்கு என்று உட்கார்ந்து பொருள் தேடுவான்.

ஆங்கில எழுத்தாளர் சார்லட் பிராண்டியின் வாழ்க்கையில் நடந்தது இதற்குப் பொருத்தமான உதாரணம். நாவலாசிரியையாகப் பெயர் பெறுவதற்கு முன், 1842இல் அவர் பிரஸ்ஸல்ஸுக்குப் படிக்கப் போனார். அங்கே கற்பித்த கான்ஸ்டன்டைன் எஜே என்ற திருமணமான ஆசிரியர் மேல் மனம் ஆழமாகப் பதிந்துவிட்டது. 1844 தொடக்கத்தில் ஊர் திரும்பியபின் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். ஆசிரியர் நேராக மறுக்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை. ஆண்டுக்கு இரண்டு கடிதம் போதும் என்று அளவு வைத்தார். விளைவு, ஒரு கடிதத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் சார்லட் நாள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதில் வராத நாட்களில் தூக்கமும் பசியும் போய் உருகுவதாக அவரே எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 29. முதிர்ந்த, கூர்மையான அறிவுள்ள ஒரு பெண்ணுக்கே அளந்து கொடுத்த பதில் அப்படிச் செய்தது என்றால் பதினாறு வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள்.

அதனால் அளந்து கொடுப்பதை நிறுத்துங்கள். அவனிடம் பேசிய அன்றே தனி மெசேஜ் வழியை மூடிவிடுங்கள். பேசாமலே பிளாக் செய்வது வேண்டாம், அது தண்டனையாகத் தெரியும். முதலில் சொல்லிவிட்டு மூடுவது விதியாகத் தெரியும். டவுட் கேட்பதற்குப் பள்ளியின் அனுமதியோடு வகுப்புக்கு ஒரே குழு இருக்கட்டும், அதில் இன்னொரு ஆசிரியரும் இருக்கட்டும். எல்லா மாணவருக்கும் ஒரே விதி என்றால் இவனைக் குறிவைத்ததாக இருக்காது. ஸ்டேட்டஸை மாணவர்கள் பார்க்காதபடி மாற்றிவிடுங்கள்.

எஜேயின் கதையில் இன்னொரு துண்டு உண்டு. வந்த கடிதங்களில் சிலவற்றை அவர் கிழித்துப் போட்டார். அவர் மனைவி அந்தத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, ஊசி நூலால் தைத்துச் சேர்த்து வைத்தார். மிஞ்சிய நான்கு கடிதங்களை அவர்கள் பிள்ளைகள் 1913இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார்கள். அந்த அம்மையார் ஏன் தைத்தார் என்று ஆய்வாளர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது, தன் குடும்பத்தின் மேல் ஒருநாள் பழி வந்தால் காட்டுவதற்கு ஒரு காகிதம் வேண்டும் என்று நினைத்திருப்பார். நீங்கள் முதல் கடிதத்தைக் கிழித்துவிட்டீர்கள். சரி, போகட்டும். இரண்டாவதைக் கிழிக்காதீர்கள், வீட்டுக்கும் எடுத்துப்போகாதீர்கள். கவரில் போட்டுத் தேதியிட்டுத் தலைமை ஆசிரியையிடம் கொடுங்கள். மெசேஜ்களை அழிக்காதீர்கள், நீங்கள் போட்ட பதில்களையும் சேர்த்துத்தான். முதல் கடிதத்தைக் கிழித்ததையும் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். ரெக்கார்டு நோட்டை மற்றவர்களுடையதோடு சேர்த்துத் திருத்தி, அவர்களோடு சேர்த்தே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது நீங்கள் தயங்கித் தயங்கி எழுதிய அந்த வரி. அவன் வராத நாளில் கண் பெஞ்சைத் தேடுகிறது.

இதை எழுதியதற்காக உங்களை மதிக்கிறேன். இந்த வரியை எழுதாமல் விட்டவர்களைப் பற்றித்தான் எனக்குப் பயம் அதிகம். தன்னால் ஒருவன் மாறினான் என்பது ஆசிரியர் தொழிலில் கிடைக்கும் மிகப் பெரிய போதை. சம்பளமோ, பதவியோ அந்த அளவுக்குத் தருவதில்லை. அந்தத் தேடல் அவனைத் தேடுவதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 'நான் முக்கியமானவள்' என்று ஒவ்வொரு நாளும் சொன்ன ஒரு முகத்தைத் தேடுவதாக இருக்கலாம். உங்களைக் கவனிக்க, 'இன்னைக்கு ஏன் டல்லா இருக்கே' என்று கேட்க, உங்கள் வயதொத்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? கடிதத்தில் தோழி ஒருவரைத் தவிர வேறு யாரும் வரவில்லை. வேலை, வீடு, திருத்த வேண்டிய பேப்பர் என்று நாள் ஓடுகிறது என்றால், அந்த வெற்றிடத்தை ஒரு மாணவனின் கவனம் வந்து நிரப்பிவிடும். நிரம்பும்போது தெரியாது.

கண் தேடியது குற்றம் அல்ல. அதற்கு மேல் என்ன நடக்கிறது என்று உங்களை நீங்களே கவனித்துக்கொள்ள வேண்டும். அந்த வகுப்பு இருக்கும் நாளில் புடவையைத் தேர்ந்தெடுக்கக் கூடுதல் நேரம் ஆகிறதா? அவன் மெசேஜ் போடவில்லை என்றால் போனை எடுத்துப் பார்க்கிறீர்களா? அவனோடு பேசியதை மற்றவர்களிடம் சொல்லும்போது சிலதை விட்டுவிட்டுச் சொல்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால், நாளைக்கே ஒரு உளவியல் ஆலோசகரிடம் உங்களுக்காகப் போங்கள். அந்த வகுப்பிலிருந்து மாற்றிக் கேட்கவும் செய்யுங்கள். காரணம் விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை, 'இந்த வகுப்பைத் தொடர்வது சரியாக இருக்காது' என்றாலே பொறுப்பான தலைமை ஆசிரியைக்குப் புரியும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதில் வளைவு நெளிவு ஒன்றும் இல்லை. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின்படி 18 வயதுக்குட்பட்டவர் குழந்தை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் இந்தியாவின் 2012 போக்சோ சட்டமும் அதே வயதைத்தான் சொல்கிறது. ஆண் குழந்தை, பெண் குழந்தை என்ற வித்தியாசமும் அதில் இல்லை. குற்றம் செய்தவர் கல்வி நிறுவனத்தில் பணிபுரிபவராக இருந்தால் தண்டனை கூடுகிறது. இங்கிலாந்தில் உடல் உறவுக்குச் சம்மத வயது 16தான். ஆனால் தன் பொறுப்பில் இருக்கும் 18 வயதுக்குட்பட்ட மாணவரிடம் ஆசிரியர் பாலியல் ரீதியாக நெருங்கினால் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காரணம் எளிது. மதிப்பெண் போடும் கை ஒன்று, அதை எதிர்பார்க்கும் கை இன்னொன்று. அவன் எவ்வளவு கெட்டிக்காரனாக எழுதினாலும், அவனே தொடங்கினான் என்றாலும், எல்லையைக் காக்கும் பொறுப்பில் பாதியைக்கூட அவன் பக்கம் தள்ள முடியாது.

அப்பாவின் கை நீளும் என்ற பயம் நியாயமானது. சொல்லாமல் இருப்பதற்கு அது காரணம் ஆகாது, எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குக் காரணம். பெற்றோரை அழைப்பதும் பேசுவதும் பள்ளி செய்ய வேண்டியது, நீங்கள் தனியாக அவர்கள் வீட்டுக்குப் போன் போடக் கூடாது. முதலில் அம்மாவிடமோ, அவன் நம்பும் வேறு பெரியவரிடமோ தொடங்கலாம். கடிதத்தை வாசித்துக் காட்ட வேண்டியதில்லை, அவர்கள் கையில் கொடுக்கவும் வேண்டாம். 'உங்கள் பையன் மனசு ரொம்ப உடைஞ்சு போயிருக்கான், உயிரோட இருக்க வேண்டாம்னு ஒரு வரி எழுதியிருக்கான், உடனே டாக்டரைப் பார்க்கணும்' என்பதுதான் அவர்களுக்கு அவசரமாகத் தெரிய வேண்டியது. ஓர் ஆசிரியை மேல் மையல் கொண்டான் என்பதை எவ்வளவு சொல்வது, எப்போது சொல்வது என்பதை ஆலோசகர் இருந்து முடிவு செய்யட்டும். அடித்தால் ஆபத்து கூடும் என்பதை அப்பாவின் முகத்தைப் பார்த்து ஒரு பெரியவர் சொல்லியாக வேண்டும். அதன்பிறகும் அடிக்கிறார் என்று தெரிந்தால் அது தனியாக ஒரு குழந்தைப் பாதுகாப்புப் பிரச்சினை. அதற்கும் புகார் வழி இருக்கிறது, பள்ளி அதைச் செய்ய வேண்டும்.

வகுப்பில் அவனை என்ன செய்வது? ஒன்றும் செய்யாதீர்கள். பயத்தில் ஆசிரியர்கள் செய்யும் தவறு, அந்த மாணவனைக் காற்றாகப் பார்ப்பது. அவன் கை தூக்கினால் கண்ணைத் திருப்பிக்கொள்வது, விடைத்தாளில் ஒரு சொல்கூட எழுதாமல் வெறும் எண்ணைப் போடுவது. மையலுக்கு 'இல்லை' என்று சொல்லலாம். அவன் இயற்பியலுக்கு 'இல்லை' சொல்லக் கூடாது. முறை வந்தால் அவனையும் கேள்வி கேளுங்கள். சரியாகச் சொன்னால் மற்றவர்களுக்குச் சொல்லும் அதே 'குட்'டைச் சொல்லுங்கள். கொஞ்ச நாள் அவன் முறைப்பான், வேண்டுமென்றே தப்பாகப் போடுவான், மறுபடி கடைசி பெஞ்சுக்குப் போவான். அங்கே உட்கார்ந்து கேட்டாலும் பாடம் பாடம்தான், முன்னால் வா என்று அழைக்காதீர்கள். மதிப்பெண் இறங்கினால் வகுப்பு ஆசிரியர் கவனிக்கட்டும். செய்முறை வகுப்பில் அவன் இருக்கும் குழு கடைசியாக மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆய்வகத்தில் நீங்களும் அவனும் மட்டும் என்ற நிலை வரவே கூடாது.

பள்ளியை விட்டுப் போவது பற்றிக் கேட்டீர்கள். இந்த ஆண்டு நடுவில் வேண்டாம். நீங்கள் திடீரென்று மறைந்தால், தன்னால்தான் போய்விட்டீர்கள் என்று அவன் எடுத்துக்கொள்வான். ஸ்டாஃப் ரூமும் அதையே எடுத்துக்கொள்ளும். அவன் நிலை சரியாகி, ஆலோசகர் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நிலை வரட்டும். ஆண்டு முடிவில் உங்களுக்கே மாற்றம் வேண்டும் என்று தோன்றினால் போங்கள். அப்போது முழு வகுப்புக்கும் ஒன்றாகச் சொல்லுங்கள். அவனுக்குத் தனியாக விடை சொல்ல வேண்டாம், புது நம்பரும் தர வேண்டாம்.